கதவில் தோர்த்து தொங்கிய பகல்

என் சுகு மோளே, என் கண்ணு,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால் கிடையாதுன்னு தெரியும். இருந்தாலும் எழுதறேன். நீ போய் வருஷம் திரும்பப் போகுதே, தமிழ்ச் சங்கத்து மலர்ல உனக்கு ஒரு பக்கம் விடறோம், படம் மட்டும் கொடுத்தாப் போதும்னு செக்ரட்டரி சொன்னார். படத்தோட நாலு வரி நானே எழுதித் தர்றேன்னு சொல்லிட்டேன். அஞ்சாங் கிளாஸோட நின்னவ எழுத உக்காந்தா நாலு வரியில நிக்குமா? நிக்கலை. பெரிய மனசு பண்ணி முழுசாப் போடுங்கன்னு கேட்டிருக்கேன்.

உனக்குத் தமிழ் படிக்கச் சரியா வராது. பஸ் போர்டு படிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிப்பே. மலையாளம்னா மளமளன்னு ஓடும். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. நாம ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதிக்கிட்டதில்ல. ஒரே வீட்டுல இருக்கோம், காகிதம் எதுக்குன்னு இருந்துட்டோம். இப்போ இதை உனக்கு யார் படிச்சுக் காட்டுவா?

நீ சத்தமில்லாம போனதா ஊரே சொல்லுது. தூங்கற மாதிரி போனா, வேதனை தெரியாம போனான்னு. உங்கப்பா அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்து நடந்தார். சாயாக்கடையில யாராவது உன் பேச்சை எடுத்தா, "அவ கஷ்டப்படலை, ஒரு சத்தம்கூட இல்ல"ன்னு அவரே முந்திச் சொல்லுவார். அவருக்கு அதைச் சொன்னது நான். அது பொய், சுகு. அதைத் திருத்தாம உன் படத்துக்குக் கீழ என் பேரைப் போட எனக்குக் கூசுது.

படிக்கிறவங்களுக்கு உன் வேலை என்னன்னு சொன்னாத்தான் மத்தது புரியும். களமசேரியில ஒரு சின்ன ஆபீஸ், மொத்தம் அஞ்சு பேர். பயமுறுத்தற வீடியோ கேம் பண்ணினாங்க. பேயை வரையறது வேற ஆள். பேய் வர்றதுக்கு முன்னாடி இருக்கிற வீடு உன்னோடது. அந்த வீட்டோட இருட்டு, ஈரம், அதுல கேக்கற சத்தம். அதுக்கு ஒரு இங்கிலீஷ் பேர் சொல்லுவே, என் நாக்குல நிக்காது. "நாங்க ஊரார் அழுக்கை வெளுத்து இவளைப் படிக்க வச்சோம், இவ ஊராரைப் பயமுறுத்திச் சம்பளம் வாங்கறா"ன்னு உங்கப்பா துணி வாங்கப் போற ஹோட்டல்ல எல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவருக்கு அதுல எவ்வளவு பெருமைன்னு உனக்குத் தெரியுமோ என்னவோ.

ஒரு நாள் நான் தலையணை உறை தேய்ச்சுக்கிட்டு இருக்கறப்போ வந்து உக்காந்து, உனக்கு எதைக் கண்டா பயம்னு கேட்டே. கரப்பான்னு சொன்னேன். அது இல்லம்மா, வேற சொல்லுன்னே. யோசிச்சுச் சொன்னேன். ஒரு வீட்டுக்குப் போறோம். லைட்டு எரியுது, அடுப்புல பாத்திரம் சூடா இருக்கு, கொடியில துணி ஈரமா இருக்கு. ஆள் மட்டும் இல்ல. குரல் கொடுத்தா பதில் இல்ல. அது எனக்குப் பயம்னேன். நீ எழுந்து வந்து என் கன்னத்துல முத்தம் கொடுத்தே. அம்மா, நீ எங்க ஆபீஸுக்கே வந்துடுன்னே.

அந்தக் கேமோட வீடு அப்படித்தான் ஆச்சு. காயல் ஓரத்துல ஒரு வீடு. ஒரு பொண்ணு அம்மாவைத் தேடிக்கிட்டு வருவா. வீட்டுல எல்லாம் இருக்கும், அம்மா இருக்க மாட்டா. பேய் கடைசி வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. பேயைக் காட்டிட்டா பயம் போயிடும்னு சொன்னே. இதோ அடுத்த ரூம்ல இருக்கு, இதோ கதவுக்குப் பின்னாடி இருக்குன்னு ஆளுங்களையே நினைக்க வைக்கணும், மிச்சத்தை அவங்க மனசு பார்த்துக்கும்னு.

தண்ணி சத்தம் எடுக்க என்னையும் கும்பளங்கிக்கு ஷெரின் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனே, ஞாபகம் இருக்கா? ஷெரின் உன்கூட வேலை செய்யற பொண்ணு. காயல் பொங்கற நாள்ல அவங்க வீட்டுல மழை இல்லாமலே தரை வழியா தண்ணி வரும், வேலியேற்றம்னு சொல்லுவாங்க. அவ அம்மா அரிசி மூட்டையைக் கட்டில் மேல தூக்கி வச்சுட்டு, பழகிப் போச்சுன்னு சாயா போட்டுக் கொடுத்தாங்க. பாவம் இவங்கன்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கேன், நீ என் கையைப் பிடிச்சு அழுத்தறே. அம்மா கேளு, இவ்வளவு நேரம் தவளை கத்திச்சே, இப்போ நின்னு போச்சு பாருன்னே. நான் சட்டுனு உன் பக்கம் நகர்ந்து உக்காந்தேன். இதுதாம்மா, சத்தம் வர்றதுல பயம் இல்ல, எப்பவும் இருந்த சத்தம் நிக்கிறதுல இருக்குன்னே. இப்போ நம்ம வீட்டுக்கு வந்து பாரு. எது எது நின்னு போயிருக்குன்னு எண்ணிப் பாரு.

பாதி முடிஞ்சப்போ ஹெட்போனை என் தலையில மாட்டி உக்கார வச்சே. அம்புக்குறி அழுத்தினா அந்தப் பொண்ணு நடப்பா. ஒரு இடைகழி, ஒரு பல்பு, சுவர் எல்லாம் உப்புப் பூத்து நம்ம வீட்டுச் சுவர் மாதிரியே. ஒண்ணும் வரலை. ஒண்ணுமே வரலை. என் கை வேர்த்து வழுக்குது. அதுல எதுவுமே இல்லையேடி, எதுக்கு எனக்கு இப்படி ஆகுதுன்னு கேட்டேன். நீ அதை அப்படியே எழுதி வச்சுக்கிட்டே. பக்கத்து வீட்டு நபீசாத்தாவையும் உக்கார வச்சே. ரெண்டு நிமிஷத்துல கழட்டிப் போட்டுட்டாங்க. "மோளே, என் மாமியா செத்து எட்டு வருஷம் ஆச்சு, இப்பவும் கிச்சன்ல அவ வளையல் சத்தம் கேக்குது. எனக்கு அது போதும்"னாங்க. நீ சிரிச்சுச் சிரிச்சு உனக்கு இழுப்பே வந்துடுச்சு. மூச்சு மருந்து பம்ப் எடுத்து அடிச்சப்புறம்தான் நின்னுது.

இழுப்பு. மூணு வயசுல இருந்து உனக்கு உண்டு. அந்தச் சத்தம் தெருமுனையில கேட்டாக்கூட என் பிள்ளைதுன்னு சொல்லுவேன். அந்தக் கேம் பொண்ணுக்கும் இழுப்பு வச்சே. அவ பயப்பட்டா மூச்சு இழுக்கும், ஓடினா இழுக்கும், ஒளிஞ்சுக்கறப்போ மூச்சை அடக்குவா. அந்த மூச்செல்லாம் உன்னோடது. அவ அப்பப்போ அம்மான்னு கூப்பிடுவா, பதில் வராது. அந்தக் குரலும் உன்னோடது. இந்த வேலையில என்கிட்ட இருக்கிற பெரிய சொத்தே என் இழுப்புதாம்மான்னு ஒரு நாள் சொன்னே. சிரிக்கறதா அடிக்கறதான்னு எனக்குத் தெரியலை.

முதல் தடவை நீ உள் ரூம்ல அதை எடுத்தப்போ நான் ஓடி வந்தேன். கையில பம்ப்போட கதவைத் தள்ளிட்டு வந்து உன் முதுகைத் தேய்ச்சேன். நீ மைக்கு முன்னாடி நல்லா உக்காந்திருந்தே. உனக்கு அழுகையே வந்துடுச்சு. ஒரு மணி நேரமா எடுத்ததும்மா, மழை விட்ட நேரமாப் பார்த்து எடுத்ததும்மான்னே. அன்னிக்குப் பண்ணின ஏற்பாடுதான் அந்தச் சிவப்புத் தோர்த்து, நீ தலை துவட்டற துண்டு. கதவுக் கொண்டியில தோர்த்து தொங்கினா வேலை நடக்குது. யாரும் உள்ள வரக் கூடாது, வெளியிலயும் சத்தம் கூடாது. நீயா எடுக்கற வரைக்கும் கதவைத் தொடக் கூடாது.

எவ்வளவு நல்லா அதைக் கத்துக்கிட்டேன் தெரியுமா? தோர்த்தைப் பார்த்ததும் ஃபேனை நிறுத்துவேன். ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குவேன். செருப்பைக் கழட்டி வைப்பேன். இஸ்திரிப் பெட்டியை வைக்கறப்போ டக்குனு சத்தம் வரும்னு அதை ஓரமா வச்சுட்டு, துணி மடிக்கிற வேலையை எடுத்துக்குவேன். என் அம்மா மாதிரி அசிஸ்டன்ட் யாருக்கும் கிடைக்காதுன்னு ஆபீஸ்ல சொன்னியாமே. ஷெரின் சொன்னா. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த நாள். மூணு நாளாப் பெய்ஞ்ச மழை, பதினோரு மணி வாக்குல விட்டுது. சாப்பிட்டுட்டுப் போடீன்னேன். மழை விட்டிருக்கும்மா, இப்போ விட்டா ஆகாதுன்னு போயிட்டே. தோர்த்து தொங்கிச்சு. நான் எல்லாத்தையும் நிறுத்திட்டு வாசல் ரூம்ல ஹோட்டல் துணியை மடிக்க உக்காந்தேன். பத்தடி தூரம் இருக்குமா? அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்துல மூச்சு கேட்டுது. எப்பவும் போல இழுப்பு. அப்புறம் கூப்பிட்டே. அம்மான்னு சாதாரணமா. எத்தனையோ விதமாக் கூப்பிட்டு எடுத்திருக்கியே, இருபது வகை இருக்குன்னு சொல்லுவியே, அதுல ஒண்ணுன்னு நினைச்சேன். ரெண்டாவது தடவை நீட்டிக் கூப்பிட்டே. அப்போ நபீசாத்தா ஒரு கிண்ணத்துல அவிச்ச கப்பைக் கிழங்கோட வாசல்ல வந்து நின்னாங்க. என்ன சத்தம்னு புருவத்தைத் தூக்கினாங்க. நான் உதட்டுல விரலை வச்சேன். "மோள் வேலை செய்யறா"ன்னு மெதுவாச் சொன்னேன். உள்ள ஏதோ விழுந்துது. அதுவும் கேமுக்குத்தான்னு கையாலேயே சைகை காட்டினேன். சிரிச்சேன், சுகு. நான் அப்போ சிரிச்சேன்.

மூணாவது தடவை கூப்பிட்டதுல குரல் இல்ல. வெறும் மூச்சாத்தான் வந்துது. எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. இதுதான் நல்லா இருக்கு, வெளிய வந்ததும் மூணாவதை வச்சுக்கோன்னு சொல்லணும்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்புறம் ஒண்ணும் கேக்கலை. நீ உக்காந்து எழுதறேன்னு நினைச்சேன். அந்தக் கட்டுத் துணி முடிஞ்சுது. அடுத்த கட்டும் எடுத்தேன். ஃபிரிட்ஜுல இருந்து தண்ணி சொட்டித் தரையில ஓட ஆரம்பிச்சுது. பால் கெட்டுடுமே, பிளக்கை மாட்டலாமான்னு உன்னைக் கேக்கணும். கதவைத் தட்டினேன். அதையும் நகத்தால தட்டினேன், மைக்குல விழக் கூடாதுன்னு.

மீதியை எழுத முடியலை. ஆட்டோவுல உன் தலை என் மடியில இருந்துது. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்காம, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தான்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டாங்க. உங்கப்பா துணி கொடுக்கப் போன இடத்துல இருந்து திரும்பப் பிடிச்ச மழையில நனைஞ்சுக்கிட்டே ஓடி வந்தார். என் ரெண்டு தோளையும் பிடிச்சு, சத்தம் ஏதும் கேக்கலையா உனக்குன்னு கேட்டார். இல்ல, சத்தமே இல்லன்னேன். வாய் தானாச் சொல்லிடுச்சு. அவர் அதைக் கேட்டு என்மேல சாஞ்சு அழுதார். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?

நபீசாத்தாவுக்குத் தெரியும். அவங்க யார்கிட்டயும் சொல்லலை. என்கிட்டகூட அதைப் பத்திப் பேசலை. முன்ன மாதிரி வீட்டுக்குள்ள வர்றதில்ல, வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிடறாங்க. எனக்காக அவங்களும் ஒரு பாரத்தைச் சுமக்கறாங்க. நான் கேக்கவே இல்ல.

ஷெரின் உன் லேப்டாப்பை வாங்க மூணு நாலு தடவை வந்தா. கேம் முடியப் போகுது ஆன்ட்டி, அவ எடுத்த சத்தமெல்லாம் அதுலதான் இருக்கு, முதல்ல அவ பேர்தான் வரும்னா. நான் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பினேன். எனக்குப் பயம். அன்னிக்கு மைக் ஓடிக்கிட்டுத்தானே இருந்துது. ஒரு நாள் அதைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு போட் ஜெட்டி வரைக்கும் போயிட்டேன். அங்க இப்போ ஏசி வச்ச படகு வருது, நீ ஏறணும்னு சொல்லிக்கிட்டு இருந்தது. ஆளுங்க கூட்டமா நின்னாங்க. தண்ணியில போட்டுடலாம்னுதான் போனேன். உன் வேலையெல்லாம் அதுக்குள்ள இருக்கேன்னு திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன்.

கடைசியில உங்கப்பா வீட்டுல இருக்கற நேரமாப் பார்த்து வந்தா. அவர்தான் எடுத்துக் கொடுத்தார். தேய்க்கிற மேசை மேல வச்சுத் திறந்தா ஷெரின். நீ எடுத்த சத்தமெல்லாம் பேர் பேரா வரிசையா இருந்துது. கீழ போகப் போக அவ கை நின்னுது. இது அந்த நாளுதுன்னா, மலையாளத்துல, மெதுவா. உங்கப்பா கிட்ட வந்தார். "போடு மோளே. அவ மூச்சையாவது ஒரு தடவை கேக்கறேன்"னார்.

நான் மூடியை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

"வேண்டாங்க. அதுல அவ என்னைக் கூப்பிடறா."

அவர் என்னைப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் கேட்டேன். அன்னிக்கே கேட்டேன்."

ஷெரின் அழ ஆரம்பிச்சுட்டா. நான் எல்லாத்தையும் சொன்னேன், தோர்த்து, நபீசாத்தா, துணிக் கட்டு, எல்லாம். அவர் நின்ன இடத்துல நின்னு கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எத்தனை தடவை கூப்பிட்டான்னு. மூணுன்னேன். தலையை ஆட்டினார். தேய்ச்சு வச்ச சட்டையை எல்லாம் அடுக்கிக் கட்டி, வண்டியில வச்சுக்கிட்டுக் கிளம்பிப் போயிட்டார்.

அடிக்கலை, திட்டலை. அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். போட்ட சோத்தைச் சாப்பிடறார். துணி மேல துண்டுச் சீட்டுல எந்த ஹோட்டல்னு எழுதி வச்சுட்டுப் போறார், வாயால சொல்றதில்ல. என் பேரைக் கூப்பிட்டு அஞ்சு மாசம் ஆச்சு. சாயாக்கடையில உன் பேச்சு வந்தா எழுந்து வந்துடறாராம். அவர் கையில இருந்த ஒரே ஆறுதலையும் நான் பிடுங்கிட்டேன். சொல்லாம இருந்திருக்கணுமா? நீ சொல்லு. பொய்யோட அவர் நிம்மதியா இருந்திருப்பாரா?

அந்தக் கடைசிச் சத்தத்தை ஷெரின் கேமுல சேர்க்கலை. தனியா ஒரு பென் டிரைவ்ல போட்டு என்கிட்ட கொடுத்துட்டா. நான் அதைப் போட்டுக் கேக்கலை. கேக்கணும்னு என்ன இருக்கு? தினமும் கேக்குது. மத்ததெல்லாம் சேர்த்துட்டாங்க. உலகத்துல எங்கெங்கேயோ இருக்கிற பிள்ளைங்க அந்த வீட்டுக்குள்ள நடப்பாங்க, நீ கூப்பிடறதைக் கேப்பாங்க. பதில் வராது. பயப்படுவாங்க. நல்ல வேலைன்னு சொல்லுவாங்க.

ஒரு இடத்துலயாவது அந்த அம்மா பதில் சொல்லக் கூடாதான்னு ஷெரின்கிட்ட கேட்டேன். பதில் வந்தா பயம் போயிடும் ஆன்ட்டின்னா. எனக்கும் தெரியும், நீதான் சொல்லிக் கொடுத்திருக்கியே. அவளுக்கு என்ன தோணுச்சோ, மைக்கை எடுத்து என் முன்னாடி வச்சா. கேமுக்கு இல்ல, உங்களுக்காகச் சொல்லுங்கன்னா. இதோ வர்றேன்டின்னு ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும். வாயைத் திறந்தேன். வரலை. அவ ரொம்ப நேரம் காத்திருந்தா. அப்புறம் மைக் ஒயரைச் சுருட்டிப் பையில வச்சுக்கிட்டு என் காலைத் தொட்டுட்டுப் போனா.

போன வாரம் மத்தியானம் உங்கப்பா குளியலறையில இருந்தார். சளி பிடிச்சிருந்துது. உள்ள இருமினார், தொடர்ந்து இருமினார், அப்புறம் சத்தம் நின்னுது. நான் அடுப்பை அப்படியே போட்டுட்டு ஓடினேன். கதவை ரெண்டு கையாலயும் குத்தினேன். தாழ்ப்பாள் ஆடுது, நான் நிறுத்தலை. அவர் ஈரத் தலையோட கதவைத் திறந்தார். அஞ்சு மாசத்துக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்குன்னா ஓடி வர்றே"ன்னார்.

கதவைத் திரும்பச் சாத்திக்கிட்டார். நான் அங்கேயே தரையில உக்காந்துட்டேன். அவர் சொன்னதுல ஒரு எழுத்துகூடத் தப்பு இல்ல.

மோளே, உனக்கு நான் என்ன வாக்குக் கொடுக்க முடியும்? கொடுக்க வேண்டிய நேரம் போயிடுச்சு. ஆனா இதைச் சொல்றேன். இனிமே எந்தக் கதவுக்குப் பின்னாடி யார் இருமினாலும், யார் கூப்பிட்டாலும் நான் போவேன். விளையாட்டுக்குக் கூப்பிட்டாலும் போவேன். வேலை கெட்டுப் போச்சுன்னு திட்டட்டும், உங்கப்பா இன்னும் எத்தனை தடவை வேணும்னாலும் அதையே சொல்லட்டும், கதவைத் திறந்து முகத்தைப் பார்த்துட்டுத்தான் திரும்புவேன். உனக்குப் பிரயோஜனம் இல்லாத வாக்கு. வேற என்கிட்ட இல்ல.

நீ கூப்பிட்டது கேட்டும் எழுந்து வராத
உன் அம்மா,
தங்கம்
மட்டாஞ்சேரி